அக்காமடமா, தங்கச்சிமடமா, புதுமடமா

எங்க பக்கம் மடம்னு முடியிற ஊரு மூணு இருக்கு. பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் ரோட்டுல போனா மொதல்ல அக்காமடம், கொஞ்சம் தள்ளி தங்கச்சிமடம். போர்டுல அக்காள்மடம்னு எழுதியிருக்கும், வாயில வர்றது அக்காமடம்தான். யாத்திரை போறவங்க தங்கிப் போறதுக்கு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு கட்டி வச்ச மடம்னு சின்ன வயசுல சொல்லிக் கேட்டிருக்கேன். மூணாவது புதுமடம், அது பாலத்துக்கு இந்தப் பக்கம், உச்சிப்புளிக்குத் தெக்க, தென்கடல் ஓரத்துல. பஸ்ல டிக்கெட் கேக்கும்போது இதுல யாருக்கும் குழப்பம் வராது. ராத்திரி நேரத்துல, மழை தகரத்துல அடிக்கிற சத்தத்துல, வயர்லெஸ்ல பாதி வார்த்தை முழுங்கி "...மடம்" மட்டும் வந்தா வரும். 2020 டிசம்பர்ல புரெவிப் புயல் வந்தப்ப அப்படி வந்துச்சு, அனுப்பினது நான், தப்பு என் பக்கம். அதை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்குது, இந்த வருசம் ஐப்பசி பொறக்கிறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன். மண்டபத்துல படகுக்காரங்களுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வாக்கிடாக்கி ரிப்பேர் பாக்கிற கடை வச்சிருக்கேன், வீடு உச்சிப்புளி. ஹாம் லைசன்ஸ் இருக்கு. கால்சைன், அதாவது காத்துல என் அடையாளப் பேரு, விக்டர் யூனிஃபார்ம் த்ரீன்னு (VU3) ஆரம்பிக்கும், மீதி எழுத்து இங்க வேணாம். ஹாம்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு ரெண்டு வரி. சொந்தமா வயர்லெஸ் செட்டு வச்சு, அரசாங்கம் பரீட்சை வச்சுக் குடுத்த லைசன்ஸோட, எங்களுக்குன்னு ஒதுக்கின அலைவரிசையில மத்த ஹாம்களோட பேசுறவங்க நாங்க. காசு வாங்கக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது. 12 வயசு ஆயிட்டாலே பரீட்சை எழுதலாம், ரேடியோ எப்படி வேலை செய்யுது, சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பாங்க, பெரிய கிரேடு வேணும்னா மோர்ஸும் தெரிஞ்சிருக்கணும். ராஜீவ் காந்தி கூட ஹாம்தான், அவரு கால்சைன் வியூ2ஆர்ஜி.

படகுல இருக்கிற செட்டு வேற, எங்க செட்டு வேற, இதைக் கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். கையில புடிச்சா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். படகுக்கு மெரைன் விஹெச்எஃப், ஆபத்துன்னா சேனல் 16, அது 156.8 மெகாஹெர்ட்ஸ். எங்களுக்கு 144-ல இருந்து 146 வரைக்கும். நாங்க அங்க போய்ப் பேசக்கூடாது, அவங்க இங்க வரக்கூடாது. சில நாள் நாங்க பேசிட்டிருக்கிற இடத்துல "அண்ணே, பாடு எப்படி, எறா கெடக்கா"ன்னு குரல் வரும், ஆன்லைன்ல மலிவா வாங்கின செட்டா இருக்கும். கோவப்பட்டு என்ன பண்றது, அவங்களுக்குக் கடல்ல ஒரு துணை வேணும். கடைக்குக் கொண்டு வரச்சொல்லி சரியான செட்டு எதுன்னு காமிப்பேன்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தவரு ராமநாதபுரத்துல தந்தி ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. பேரு போடல, எங்களுக்கு அவர் தந்தி சார். கட்டு கடா கட்டுன்னு மோர்ஸ்ல கல்யாண வாழ்த்தும் சாவுச் செய்தியும் அடிச்ச கை. 2013 ஜூலைல தந்தியையே மூடினப்ப அன்னிக்கு முழுக்க அவர் யார்கிட்டயும் பேசல. அவருகிட்ட நான் போனப்ப செட்டைப் பத்தி பேசுவாருன்னு நெனச்சேன், எத்தனை வாட், எந்த ஏரியல்னு. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வச்சாரு. ரேடியோவை ஆன் பண்ணி, சத்தம் இரையிற ஒரு ஸ்டேஷனைப் புடிச்சு, "காதுல விழறதை மட்டும் எழுது, மனசுல தோணுறதை எழுதாத"ன்னாரு. விழாத எடத்துல கோடு போட்டுட்டுப் போகணும். ஒரு மாசம் இதுதான் பாடம். எனக்கு அப்ப எரிச்சலா இருந்துச்சு, உண்மையச் சொல்றேன். பேனா எதுக்கு வேணாம்னு கேட்டதுக்கு, "பேனா மழையில ஓடும், பென்சில் ஓடாது"ன்னாரு.

அப்புறம் வார்த்தை எண்றது. தந்திக்கு வார்த்தைக்குத்தான காசு, அதனால எண்ணி எண்ணி அவருக்குப் பழக்கம். ஹாம் உலகத்துலயும் அவசரச் செய்திக்குன்னு ஒரு படிவம் இருக்கு, அதுலயும் வார்த்தைக் கணக்கு உண்டு. மேல செய்தி நம்பர், அது எமர்ஜென்சியா, பிரையாரிட்டியா, வெல்ஃபேரா, ரொட்டீனா, எங்க இருந்து, எத்தனை வார்த்தை, எத்தனை மணி, என்ன தேதி, அப்புறம்தான் விஷயம். வாங்கின ஆளு எழுதி முடிச்சு எண்ணிப் பாக்கணும். 14-ன்னு சொல்லி 13 இருந்தா எங்கயோ ஒண்ணு விழுந்திருச்சு, திருப்பிக் கேளு. இவ்வளவு எளிசான சோதனையை நான் வேற எங்கயும் பாக்கல.

இப்ப எங்க ஊரு வாட்டத்தைச் சொல்லணும், இல்லைன்னா நடந்தது புரியாது. ராமநாதபுரம் மாவட்டத்துல சொல்லிக்கிற மாதிரி மலை கெடையாது. தீவுல உயரம்னா கந்தமாதன பர்வதம், அதுவும் ஒரு மேடுதான். எங்க 144 மெகாஹெர்ட்ஸும் விஹெச்எஃப்தான், அந்த அலை கிட்டத்தட்ட கண்ணு பாக்கிற மாதிரி நேரா போகும், பூமி வளையிற எடத்துல தப்பிப் போயிரும். ஏரியல் 10 மீட்டர் உயரத்துல இருந்தா அதுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் அப்படி வச்சா 26. பாம்பன்ல இருந்து ராமநாதபுரம் அதுக்கு மேல. கடல் மேல சில ராத்திரி சூடும் ஈரமும் ஒரு மாதிரி அடுக்கா நின்னு அலையைப் புடிச்சு எங்கெங்கயோ இழுத்துட்டுப் போகும், இலங்கை எஃப்எம் எல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேக்குமே அது மாதிரி, ஆனா புயலன்னிக்கு அதை நம்பி உக்கார முடியாது. அதனால நடுவுல ஒருத்தர் வாங்கிக் குடுக்கணும். அது உச்சிப்புளி, அது என் வீடு. பாம்பன்ல இருக்கிற ஹாம் தம்பி சொல்றதை நான் எழுதி, ராம்நாட்டுல, அதான் ராமநாதபுரத்துல, இருக்கிற ஹாம் அண்ணனுக்கு நான் படிக்கணும். எல்லாமே என் வாய் வழியாத்தான் போகணும்.

40 மீட்டர் பேண்டுன்னு ஒண்ணு இருக்கு, 7 மெகாஹெர்ட்ஸ், ரெண்டு பனைமரத்துக்கு நடுவுல 20 மீட்டர் கம்பியைத் தாழ்வாவே இழுத்துக் கட்டினா பகல்ல மேல போய் மேகத்துக்கும் மேல முட்டி அப்படியே தலைமேல விழுந்த மாதிரி 200, 300 கிலோமீட்டர் சுத்துக்கும் கேக்கும். மதுரை, திருச்சி எல்லாம் சுத்தமா வரும். பொழுது சாஞ்சா பக்கத்து ஊரை விட்டுட்டு தூரத்துக்குத் தாவிரும். புயல் என்னமோ எங்களுக்கு ராத்திரியிலதான் வருது.

இன்னொண்ணு உப்பு. இதை ஊர்ப்பக்கம் ஹாம்கள் அவ்வளவா பேச மாட்டாங்க, அவங்களுக்கு இது இல்ல. எங்களுக்கு எதிரி இடி மின்னல் இல்லைங்க, கனெக்டர்தான். ஏரியல்ல இருந்து வர்ற கேபிள் செட்டுல சேர்ற எடத்துல அந்தப் பித்தளைத் திருகு இருக்கும்ல, ஆறு மாசம் விட்டா பச்சைக் களிம்பு கட்டிரும், வாடைக்காத்து ஆரம்பிச்சா மூணே மாசம். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. கழட்டினா உள்ள கேபிளோட செம்புப் பின்னல் கறுத்து, கையில தொட்டா பொடியா உதிரும். அந்தக் கேபிள்ல செட்டு 25 வாட் அனுப்பினா மேல போறது எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க, பாதி கூடப் போகாது. அதுவும் மொதல்ல கேக்கிறது நல்லாவே இருக்கும், அதான் ஏமாத்தும். அதனால புரட்டாசி கடைசியில எல்லாரும் அவங்கவங்க மொட்டை மாடி ஏறி எல்லாக் கனெக்டரையும் கழட்டி, வெட்டி, புதுசா சால்டர் வச்சு, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுத்தி மூடணும். போன வருசம் பண்ணினேனேன்னு சொல்லக்கூடாது.

சரி, ஆஸ்பத்திரிக் கதைக்கு வர்றேன். நாங்க ஆரம்பத்துல தாசில்தார் ஆபீஸ், போலீஸ், இப்படித்தான் யோசிச்சோம். அவங்களுக்கு அவங்க வயர்லெஸ் இருக்கு. ஒண்ணுமே இல்லாம நிக்கிறது கிராமத்து நர்சம்மாதான்னு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுச்சு. ஒரு நர்சம்மா கையில நாலஞ்சு ஊரு இருக்கும். யாருக்கு எந்த வாரம் பிரசவம், யாரு சுகர் மாத்திரை, எந்தப் பெருசுக்கு பிபி, யாரு வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ் போறாங்க, எல்லாம் அவங்க நோட்டுல. புயல்னு சொன்னா தேதி நெருங்கின கர்ப்பிணிகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும்னுதான் சொல்வாங்க, ஆனா வீட்டுல விட மாட்டாங்க, தேதி இன்னும் பத்து நாள் இருக்கும்பாங்க, அதுவும் 2020-ல கொரோனா பயம் வேற, ஆஸ்பத்திரிக்கே போக மாட்டேன்னுட்டாங்க. முகாமுக்கு வர்றவங்க ஆதார் கார்டை மறக்காம எடுத்துட்டு வருவாங்க, மாத்திரையை வீட்டுல வச்சுட்டு வந்துருவாங்க. தடுப்பூசிப் பெட்டி 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், கரண்ட் போனா அந்தப் பெட்டி தாங்குற நேரத்துக்கு ஒரு அளவு இருக்கு. தண்ணி மோட்டர் ஓடலைன்னா முகாம்ல மூணாம் நாள் வயித்துப்போக்கு ஆரம்பிச்சிரும், எத்தனை பேருக்குன்னு அன்னன்னிக்கு மேல சொல்லியாகணும், ப்ளீச்சிங் பவுடர், ஓஆர்எஸ் பாக்கெட் எவ்வளவு வேணும்னு சொல்லியாகணும். பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்குன்னு ஒரு கணக்கு. இதெல்லாம் டிவியில வராது. இதைச் சொல்றதுக்குத்தான் வயர்லெஸ் வேணும்னு நான் நினைக்கிறேன், கட்டுமரம் கவுந்த கதை சொல்ல இல்ல.

புரெவி இலங்கையில திருகோணமலைப் பக்கம் கரை ஏறி, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள்ள எறங்கி, பாம்பனுக்குப் பக்கத்துலயே வலு குறைஞ்சு நகராம உக்காந்துக்கிச்சு. அன்னிக்கு டிசம்பர் 3. மத்தியானமே எங்க பக்கம் கரண்ட் போச்சு. சாயங்காலத்துக்கு மேல ஃபோன் டவர் ஒண்ணொண்ணா படுத்துச்சு. டவர்ல பேட்டரி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, டீசல் ஊத்த ஆள் போகணும்ல. ஏழு மணி வாக்குல என் ஃபோன்ல கட்டம் இல்ல. படகு பேட்டரி ரெண்டு கடையில இருந்து கொண்டாந்து வச்சிருந்தேன், செட்டு அதுல ஓடுச்சு. என் வீட்டுக்காரி லாந்தரை மேசைக்குப் பக்கத்துல வச்சுட்டு, ஒழுகற எடத்துல சட்டியை மாத்தி மாத்தி வச்சிட்டிருந்தா.

ஒம்பது மணிக்குப் பாம்பன்ல இருந்து தம்பி கூப்பிட்டான். அந்தப் பக்கம் நர்சம்மா நேர்ல வந்து ஒரு தாள் குடுத்திருக்காங்க, நிறைமாசக்காரங்க ஆறு பேரு, பேரு கெடையாது, ஒண்ணுல இருந்து ஆறு நம்பர், ஊரு, எத்தனாவது பிரசவம், ரத்த குரூப், வீட்டுக்கு ஒரு அடையாளம். நான் வாங்கி எழுதினேன். அவன்கிட்ட ஒவ்வொரு வரியும் திருப்பிப் படிச்சு சரி பார்த்துக்கிட்டேன். அது வரைக்கும் சரி. அப்புறம் ராம்நாட்டுக்குப் படிக்க ஆரம்பிச்சேன். மழை கூடிருச்சு, எனக்கு அண்ணன் குரல் அறுந்து அறுந்து வந்துச்சு, பேட்டரி வேற காலை வரைக்கும் தாங்கணுமேன்னு மனசுல ஓடுது. ஒவ்வொரு வரிக்கும் பட்டனை அமுக்கிப் படிச்சுட்டு விட்டேன். நாலாவது வரியில பட்டனை அமுக்கினதும் வாயைத் திறந்ததும் ஒண்ணாப் போச்சு. இந்த செட்டெல்லாம் அமுக்கின உடனே காத்துல ஏறாது, எதிர்ப்பக்கம் இருக்கிற செட்டும் பேட்டரியை மிச்சம் புடிக்கத் தூங்கிட்டிருக்கும், அது முழிச்சுக்க ஒரு கண்ணிமைக்கிற நேரம் வேணும். அந்த நேரத்துல "அக்கா" போயிருச்சு. "மடம்" மட்டும் போய்ச் சேர்ந்துச்சு.

அண்ணன் என்ன பண்ணாரு, கூப்பிடறது உச்சிப்புளி, உச்சிப்புளி ஆளு மடம்னா புதுமடம்தானேன்னு எழுதிட்டாரு. நானா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். "ரோஜர், மேல போங்க"ன்னாரு. நானும் திருப்பிப் படிக்கச் சொல்லாம மேல போயிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ரெண்டு மணி நேரம் அந்தத் தப்பு ஒரு தாள்ல சத்தமில்லாம கெடந்துச்சு.

பதினோரு மணி தாண்டி தம்பி மறுபடியும் கூப்பிட்டான். நம்பர் 4, வலி எடுத்திருச்சு, தீவுல இருக்கிற வண்டி வேற ஒரு கேஸ் ஏத்திட்டு ராமேஸ்வரம் போயிருச்சு, நடுவுல மரம் விழுந்து ரோடு அடைச்சிருச்சு, கரையில இருந்து வண்டி வேணும். நான் ராம்நாட்டுக்கு எமர்ஜென்சின்னு சொல்லிக் குடுத்தேன். அஞ்சு நிமிசத்துல "நம்பர் 4-க்கு வண்டி கெளம்பியாச்சு"ன்னு பதில். ஊரு பேரு அவரும் சொல்லல, நானும் கேக்கல. தம்பிக்குச் சொல்லிட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சேன்.

அரை மணி நேரம் கழிச்சு காத்துல ஒரு குரல், "பிரேக்"குன்னு, நடுவுல பேச எடம் கேக்கிற வார்த்தை அது. தந்தி சார். அவருக்கு அப்ப 70-க்கு மேல, உடம்பு முடியல, வீட்டுலயே படுத்துக்கிட்டு கேட்டுட்டு மட்டும் இருந்திருக்காரு. அவரு ஏரியல் நல்ல உயரம், அவரு செட்டு தூங்கற செட்டு இல்ல, நான் ஒம்பது மணிக்குப் படிச்ச ஆறு வரியையும் அவரு பாட்டுக்கு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. யாரும் எழுதச் சொல்லல. "நம்பர் 4 எந்த ஊருக்கு வண்டி போகுது, முழுப் பேரையும் சொல்லுங்க"ன்னாரு. அண்ணன் புதுமடம்னாரு. "என் தாள்ல அக்காமடம்னு இருக்கு. உச்சிப்புளி, உங்க தாள்ல என்ன இருக்கு?"

எனக்குக் கை நடுங்கிருச்சு. தாளைப் பாக்காமயே தெரிஞ்சிருச்சு, இருந்தாலும் லாந்தர்கிட்ட கொண்டு போய்ப் பார்த்தேன். அக்காமடம், மூணாவது பிரசவம், ஓ நெகட்டிவ், சர்ச்சுக்குப் பின்னால. அப்படியே படிச்சேன்.

ராம்நாட்டுல இருந்து வர்ற வண்டி உச்சிப்புளி வந்துதான் புதுமடத்துக்குத் திரும்பணும். பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிட்டு டார்ச்சோட மெயின் ரோட்டுக்கு ஓடினேன். டீக்கடை வாசல்ல ஒதுங்கி நின்ன ஒரு பெருசு, "ஆம்புலன்ஸா, இப்பத்தானப்பா தெக்க திரும்புச்சு"ண்டாரு. பையன் பைக்கை எடுத்துட்டு அந்த மழையில பின்னாலயே போனான். ரோடு எது பள்ளம் எதுன்னே தெரியாத தண்ணி. புதுமடம் போய்த்தான் புடிச்சான், அங்க டிரைவர் தம்பி சர்ச்சு எங்கன்னு ஆள் இல்லாத தெருவுல தேடிட்டிருந்திருக்காரு. திரும்பி மெயின் ரோட்டுக்கு வர, மொத்தமா 25 நிமிசம் போச்சு. அதுக்கு மேல பாலம் இருக்கு. அப்ப இருந்த பழைய ரயில் பாலத்துல காத்து 58 கிலோமீட்டர் வேகம் தாண்டிட்டா ரயிலையே விட்டதில்ல, ரோட்டுப் பாலம் அதுக்குப் பக்கத்துலயே அதை விட உசரத்துல போகுது. அந்த டிரைவர் காத்து தணியிற நேரம் பாத்து ஓட்டிட்டுப் போனாருன்னு பின்னால கேள்விப்பட்டேன். யாருன்னு தெரியாது, எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

2 மணி 40-க்கு ராம்நாட்டுல இருந்து செய்தி. நம்பர் 4 பெரியாஸ்பத்திரியில சேர்த்தாச்சு. நான் முழுசாத் திருப்பிப் படிச்சேன், பட்டனை அமுக்கி ஒரு மூச்சு விட்டுட்டு. விடியக்காலம் இன்னொண்ணு வந்துச்சு, வெல்ஃபேர்னு போட்டு, அஞ்சே வார்த்தை: நம்பர் நாலு, ரெண்டு உயிரும் நலம். எண்ணிப் பார்த்தேன், அஞ்சு சரியா இருந்துச்சு. அப்புறம்தான் அழுகை வந்துச்சு.

அந்த வாரமே தந்தி சார் வீட்டுல எல்லாரும் கூடினோம். அவரு யாரையும் திட்டல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "செட்டு என்ன தப்பு பண்ணுச்சு?"ன்னு மட்டும் கேட்டாரு. அன்னிக்கு முடிவு பண்ணினது இன்னிக்கு வரைக்கும் ஞாயித்துக்கிழமை காலை நெட்ல, அதாவது நாங்க எல்லாரும் காத்துல கூடிப் பேசற நேரத்துல, மாறாம பண்றோம். பட்டனை அமுக்கி "ஒண்ணு"ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டுத்தான் வாயைத் திறக்கணும். ஊரு பேருக்கு முன்னால தீவா கரையான்னு சொல்லணும். மூணு மடத்துக்கும் நாங்களே ஒரு பேரு வச்சிருக்கோம், மூத்தவ அக்காமடம், இளையவ தங்கச்சிமடம், புதுசு புதுமடம், இதுல ஒண்ணு முழுங்கினாலும் இன்னொண்ணோட குழம்பாது. இதே சிக்கல் பட்டினத்துலயும் இருக்கு, தேவிபட்டினம், பெரியபட்டினம், மரைக்காயர்பட்டினம். வலசையில முடியிற ஊருக்கும் பஞ்சம் இல்ல. அதுக்கெல்லாம் தனித்தனியா ஒரு அடையாளம் எழுதி செட்டுக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கோம்.

ரத்த குரூப்பும் அப்படித்தான். பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டும் இரைச்சல்ல "டிவ்"னுதான் வந்து விழும். அதனால பிளஸ், மைனஸ், அதுவும் ரெண்டு தடவை. ஓ-ன்னா ஆஸ்கார், ஏ-ன்னா ஆல்ஃபா. எண்ணு சொல்றப்ப எட்டும் பத்தும் ஒண்ணாவே கேக்கும், அதனால பத்துன்னு சொல்றதில்ல, ஒண்ணு சைபர். ஒரு பயிற்சியில நான் வேணும்னே மூச்சை விடாம வேகமாப் படிச்சு, பாம்புக்கடி மருந்து எட்டுக் குப்பின்னு சொன்னது அங்க பத்துன்னு எழுதியாச்சு. காய்ஞ்ச நாள்ல, வீட்டுத் திண்ணையில உக்காந்துக்கிட்டே இப்படின்னா, அன்னிக்கு என்ன ஆகும்னு எல்லாருக்கும் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

பேரு சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. எங்க பேச்சை யாரு வேணாலும் கேக்கலாம், பூட்டு போட்டு ரகசியமா அனுப்பறதுக்கு சட்டத்துலயே எடம் இல்ல. இன்னார் பொண்ணுக்கு இன்ன நோய்னு காத்துல போச்சுன்னா மறுநாள் மீன் ஏலம் போடற எடத்துல அதுதான் பேச்சு. ஊர்ப் பொண்ணுங்க மானம் அது. நர்சம்மா நோட்டுல நம்பரும் பேரும் இருக்கும், நாங்க நம்பரை மட்டும் சுமப்போம். அதே மாதிரி, அடுத்தவங்க செய்தியை நாங்க சும்மா இருக்கிறப்ப கொண்டு போகக்கூடாது, இயற்கைச் சீற்றத்துல வழக்கமான தொடர்பு அறுந்து போன நேரத்துல, பொறுப்புல இருக்கிற அதிகாரிகிட்ட இருந்து வர்றதைத்தான் கொண்டு போகலாம். சில பேருக்கு இது கெடுபிடியாத் தெரியும். எனக்கு இது சரின்னுதான் படுது, கடலோரத்துல வயர்லெஸ்னா சந்தேகப்பட நியாயம் இருந்த காலத்தை நாங்க பாத்திருக்கோம். மாடியில ஏரியல் ஏத்தின மொத மாசமே விசாரிக்க ஆளு வந்தாங்க, லைசன்ஸ் ஜெராக்ஸ் காமிச்சேன், செட்டு நம்பரைக் குறிச்சுட்டு டீ குடிச்சுட்டுப் போனாங்க. எங்கம்மாதான் ரெண்டு நாள் சாப்பிடல.

எங்கப்பாவுக்குப் பயம் இல்ல. அவரு 1964 டிசம்பர் பாத்தவரு. 22-ந் தேதி ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் எடுத்துட்டுப் போனப்ப, பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயில் அலையில போயிருச்சுன்னு வெளிய தெரியறதுக்குள்ள பொழுது விடிஞ்சு எவ்வளவோ ஆயிருச்சு, தந்திக் கம்பி, பாலம் எல்லாம் போயிருந்துச்சு. அந்த ரயில் பாலத்தை இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாள்ல சரி பண்ணினதை எல்லாரும் சொல்லுவாங்க. அப்பா சொல்றது வேற, அந்தப் பக்கம் உயிரோட யாரு இருக்கான்னு கேக்க ஒரு வழி இல்லாம மண்டபம் கரையில ஜனங்க நின்னதை. 2004 சுனாமியில இலங்கை மறைவுல இருந்ததால எங்களுக்கு அடி கம்மி. ஆனா அந்தமான்ல, போர்ட் பிளேர்ல, பாரதி பிரசாத்துங்கிற அம்மா வியூ4ஆர்பிஐன்னு ஒரு கால்சைன்ல உலகத்து ஹாம்களோட பேசறதுக்காக செட்டோட போயிருந்தாங்க. டிசம்பர் 26 காலையில பூமி ஆடினதும் அந்த விளையாட்டு அப்படியே நிவாரண வேலையா மாறிப் போச்சு. தீவுல இருக்கிறவங்க உயிரோட இருக்காங்கன்னு எத்தனையோ குடும்பத்துக்கு அவங்க குழு வழியா சேதி போச்சு. தந்தி சார் அவங்க கதையைச் சொல்றப்பல்லாம், செட்டு தயாரா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டாரு, அவங்க ரெண்டு மூணு வாரமா நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு காது தயாரா இருந்துச்சும்பாரு.

இப்ப எல்லாம் ஃபோன் இருக்கே, சேட்டிலைட் ஃபோன் இருக்கேன்னு கேக்கறாங்க. இருக்கட்டும், நல்லது. 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, எங்க ஏரியால ஃபோன் படுக்கல, நாங்க செட்டை ஆன் பண்ணி வச்சு உக்காந்திருந்தோம், ஒரு செய்தி கூட வரல. அன்னிக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. மேற்கு வங்கத்துல ரேடியோ கிளப்காரங்க கங்காசாகர் மேளாவுல காணாமப் போற பெரியவங்களைக் குடும்பத்தோட சேர்த்து வைக்கிற வேலையை வருசா வருசம் பண்றாங்க. ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்துல நிக்கிற கூட்டத்தைப் பாக்கிறப்ப இங்கயும் அது வேணும்னு தோணும். அதுக்கு ஆளு பத்தாது, இப்ப நாங்க ஏழு பேருதான். ஏழாவது ஆளு தங்கச்சிமடத்துப் பொண்ணு, நர்சிங் படிக்குது, அப்பா நாட்டுப்படகு. போன மாசம் மொத தடவையா நெட்டை நடத்துச்சு, என்னையே ரெண்டு எடத்துல நிறுத்தி "திருப்பிப் படிங்க மாமா"ன்னுச்சு. படிச்சேன்.

தந்தி சார் இப்ப இல்ல. அவரு நோட்டு என்கிட்ட இருக்கு. டிசம்பர் 3 பக்கத்துல ஆறு வரி, பென்சில்ல, நாலாவது வரிக்குக் கீழ அவரு ரெண்டு கோடு போட்டிருக்காரு, எப்ப போட்டாருன்னு தெரியல, நான் படிச்ச உடனேயா, அரை மணி நேரம் கழிச்சா. அந்தப் புள்ளைக்கு இப்ப பள்ளிக்கூடம் போற வயசு. அக்காமடத்துக்கு எக்கோ சவுண்டர் மாட்ட மாசத்துக்கு ஒரு தடவையாவது போறேன், சர்ச்சுக்குப் பின்னால இருக்கிற தெரு வழியாத்தான் கரைக்குப் போகணும், வாசல்ல புள்ளைங்க வெளையாடிட்டிருக்கும். யாரு வீடுன்னு நான் கேட்டதில்ல.